தாயின் சொந்த நாழிகை

ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்களுக்கு 'என் தாய்' என்ற தலைப்பில் ஒரு பக்க வியாசம் எழுதி வரும்படி சென்ற மாதத்தில் ஒரு நாள் சொல்லியனுப்பினோம். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷங்களைக் கழித்தவர்களுக்கு இத்தகைய வியாசங்களில் என்ன வரும் என்பது நோட்டைப் பிரிக்காமலே தெரியும். அதிகாலையில் எழுந்திருப்பாள், வாசல் தெளிப்பாள், சோறு கட்டிக் கொடுப்பாள், சுரம் வந்தால் இரவெல்லாம் கண் விழிப்பாள், தெய்வத்துக்குச் சமானமானவள். முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்களிலும் இதே தாய்தான் இருந்தாள். எழுத்துப் பிழைகள் மட்டும் வேறு வேறாக இருந்தன.

மறுநாள் நமக்கு ஒரு யோசனை தோன்றியது. "உங்கள் தாயார் உங்களுக்கு என்னென்ன செய்கிறார் என்று எழுதிவிட்டீர்கள், சந்தோஷம். யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாத ஒரு நாழிகைப் பொழுது அவருக்குக் கிடைத்தால், தமக்காக என்ன செய்ய ஆசைப்படுவார்? அவரையே கேட்டு எழுதி வாருங்கள்" என்றோம். நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிஷம் என்பதையும் விளக்க வேண்டியிருந்தது. அறுபது நாழிகை கொண்டது ஒரு நாள். அதில் ஒன்றே ஒன்று, பெரிய தானமல்ல.

பாதிப் பேர் 'தூங்குவார்' என்று எழுதி வந்தார்கள். இது வேடிக்கையான பதிலாகத் தோன்றலாம்; நமக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைக்காட்சித் தொடர் பார்ப்பார் என்று சிலர் எழுதினார்கள். "அம்மாவைக் கேட்டேன். சிரித்துவிட்டு, 'போடா, வேலையைப் பாரு' என்றார்" என்பது ஒரு பையனுடைய வியாசம் முழுவதும். நாம் மதிப்பெண் போட முடியாமல் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்தது ஒரு பெண்ணின் நோட்டில். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அம்மா கலியாணத்துக்கு முன்னால் ஒரு கோல நோட்டு வைத்திருந்தார். அதில் நாற்பது கோலம் இருக்கிறது. நான் பிறந்த பிறகு அதில் பால் கணக்கு எழுதியிருக்கிறது."

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது நமது மங்கலம்பேட்டை. பெரிய பட்டணம் அல்ல. முழுக் கிராமமும் அல்ல. நமது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் வயல் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைக்குப் போகிறவர்கள் உண்டு. முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல் நுனி கறுத்துப் போனவர்களும் உண்டு. வெளி வேலைக்குப் போகாமல் நாள் முழுதும் வீட்டிலேயே உழைப்பவர்களும் அநேகர். 'வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார்' என்று அவர்களைப் பற்றிப் பள்ளிப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவர் ஒரு நாளாவது அம்மிக் கல்லின் அருகில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இத்தாய்மார்களைப் பெற்றோர் கூட்டத்தில் சந்திக்கும்போது, "நீங்கள் முன்பு பாடுவீர்களாமே, இப்போது பாடுவதில்லையா?" என்பது போல் ஏதாவது கேட்டால், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "பிள்ளைங்க வளரட்டும் டீச்சர்." இந்தச் சொற்களை நாமும் பதினாறு வருஷ காலம் சொல்லி வந்தவர்கள் ஆகையால் அவற்றின் உள் அர்த்தம் நமக்குத் தெரியும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பரீட்சை வரும். பரீட்சைக்குப் பிறகு கலியாணம் வரும். கலியாணத்துக்குப் பிறகு பேரக் குழந்தை வரும். அந்த நாழிகை மட்டும் வருவதே இல்லை.

சர்க்காரே இதைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறது. தேசிய புள்ளிவிவர அலுவலகம் 2019-ம் வருஷத்தில் தேசம் முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள் என்றும், ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே ஈடுபடுகிறார்கள் என்றும் தெரிய வந்தது. அப்படி ஈடுபடுகிறவர்களிலும், பெண் ஒரு நாளில் 299 நிமிஷங்களை அதற்குச் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிஷங்கள். நாழிகைக் கணக்கில் பெண்ணுக்குப் பன்னிரண்டரை, ஆணுக்கு நான்கு. குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்வது இதற்கு மேல் தனிக் கணக்கு. வேலையில் கை வைக்காத எழுபத்துநான்கு ஆண்களை நாம் இங்கே குறை கூறப் போவதில்லை. அவர்கள் இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அதுவும் காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப், 1928-ம் வருஷத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரிகளில் செய்த பிரசங்கங்களை அடுத்த ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். ஒரு பெண் கதை எழுத வேண்டுமானால் அவளுக்கு வருஷத்துக்கு 500 பவுன் வருமானமும், தாழ்ப்பாள் போட்ட தனி அறையும் வேண்டும் என்பது அவருடைய கட்சி. நியாயமான கட்சிதான். ஆனால் மங்கலம்பேட்டையில் எத்தனை வீடுகளில் தாய்க்கு என்று ஓர் அறை இருக்கிறது? தாழ்ப்பாளின் பேச்சை எடுக்கவே வேண்டாம்; உள்ளே தாழிட்டால் மூன்றாவது நிமிஷத்தில் கதவைத் தட்டும் சிறு கையின் பலம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆகவே அறையும் பணமும் கிடைக்கும் வரையில் காத்திராமல் ஆரம்பித்தவர்கள் யார், அவர்களுக்கு அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று விசாரிப்பதே நமக்குப் பிரயோஜனமான காரியம்.

அப்படி விசாரித்தால் முதலில் வருகிறவர் ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-ம் வருஷத்தில் பிறந்தவர். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கலியாணம் ஆகி, திருவல்லிக்கேணியில் பெரிய வைஷ்ணவக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததில்லை. கதை சொல்வதில் மட்டும் அபாரமான ஆசை. அக்கம் பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கொண்டு சொல்லுவார். கணவர் ஸ்ரீ பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பார்க்கப் பார்க்க, தாமும் ஒரு நாடகம் புனைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. சம்பாஷணைகள் எல்லாம் மனத்தில் தயாராகிவிட்டன. எழுதத்தான் தெரியாது.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். எழுதத் தெரியாத ஒரு மருமகள் நாடகம் புனைய ஆசைப்படுகிறாள் என்றால் உலகம் என்ன சொல்லியிருக்கும்? 'முதலில் எழுதக் கற்றுக்கொள், பிறகு பார்க்கலாம்' என்றிருக்கும். அந்தப் 'பிறகு' எங்கே போய் முடியும் என்பதை மேலே சொல்லிவிட்டோம். கோதைநாயகி அம்மாளுக்குப் பட்டம்மாள் என்ற தோழி ஒருவர் இருந்தார். இவர் சொல்லச் சொல்ல, அவர் உட்கார்ந்து எழுதினார். அப்படி உருவான 'இந்திர மோகனா' என்னும் நாடகம் 1924-ம் வருஷத்தில் அச்சாகி வெளிவந்து நல்ல பெயர் வாங்கியது. எழுதும் வித்தையையும் அம்மையார் அதே தோழியிடமிருந்தே பின்னர் கற்றுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடலாம். அது பலருக்கும் தெரிந்த சரித்திரம். துப்பறியும் நாவல்களில் புகழ் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஆதரவினால் 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகை 1925-ல் அவர் கைக்கு வந்தது. அதைச் சுமார் முப்பத்தைந்து வருஷம் நடத்தினார். நாவல்கள் மட்டும் 115. கச்சேரி மேடையில் பாடினார். காந்தியடிகளைத் தரிசித்த பின் பட்டையும் நகையையும் ஒதுக்கிக் கதர் உடுத்தினார். 1932-ல் மறியல் செய்து சிறை புகுந்தார். அங்கும் எழுதுவதை நிறுத்தவில்லை. இவ்வளவும் குடும்பத்தைத் துறந்து செய்த காரியங்கள் அல்ல. அந்த வீட்டின் மருமகளாகவும், ஸ்ரீநிவாசன் என்ற ஒரே மகனுக்குத் தாயாகவும் இருந்துகொண்டே செய்தவை. அந்த மகனை 1956-ல் பறிகொடுத்த துக்கத்திலிருந்து அவர் மீளவே இல்லை. நான்கு வருஷங்களுக்குள் காசநோய் அவரையும் கொண்டு போயிற்று. கதை எழுதும் தாய்க்குப் பிள்ளை மேல் பாசம் குறைந்துவிடும் என்று பேசுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

நூற்றுப் பதினைந்து நாவல்களைக் காட்டிலும் நம் மனம் அதிகமாகச் சுற்றுவது அந்தப் பட்டம்மாளைத்தான். அவரும் ஒரு குடும்ப ஸ்திரீயாகத்தான் இருந்திருப்பார். அவர் வீட்டிலும் பானை இருந்திருக்கும், அடுப்பு இருந்திருக்கும். தம்முடைய நாழிகையில் பங்கு போட்டுத் தோழிக்குக் கொடுத்தார். ஒரு தாய்க்கு ஓய்வு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. கொடுக்கும் கை எது என்பதுதான் கேள்வி.

திருவல்லிக்கேணி எங்கே, நம் ஊர் எங்கே என்று சிலர் நினைக்கலாம். நம் ஜில்லாவிலேயே, கடலூர் முதுநகரில் 1890-ல் பிறந்தவர் ஸ்ரீமதி அஞ்சலையம்மாள். 1921-ம் வருஷத்து ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தவர்; இயக்கத்துக்காகக் குடும்பச் சொத்தை விற்றவர். 1857-ல் கொடுமைகள் புரிந்த நீலன் என்ற வெள்ளைத் தளபதியின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரி 1927-ல் நடந்த சத்தியாக்கிரகத்தில் அவர் தனியாகப் போகவில்லை. ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போனார். இருவருக்கும் தண்டனை கிடைத்தது. காந்தியடிகள் அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். பிறிதொரு சிறைவாசத்தின்போது அம்மையார் கர்ப்பவதி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிரசவமானதும், பிறந்து இரண்டு வாரங்களே ஆன சிசுவை எடுத்துக்கொண்டு மறுபடியும் வேலூர்ச் சிறைக்கே போனார். அந்தப் பிள்ளைக்கு 'ஜெயில் வீரன்' என்றே பெயர் வைத்தார்கள். 1937-லும் 1946-லும் சட்டசபை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதை எல்லாத் தாய்மாரும் பின்பற்ற வேண்டிய உதாரணமாக நாம் கூறவில்லை. பச்சைக் குழந்தையைச் சிறைக்கு எடுத்துப் போவது என்பதை நினைத்தால் நமக்கே வயிறு கலங்குகிறது. தேசமே சிறையாக இருந்த காலம் அது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத் தக்கது. பிள்ளையா, தான் விரும்பிய வாழ்வா என்று இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி தாய்மாரிடம் சொல்கிறோமே, அந்தப் பிரிவினை அஞ்சலையம்மாளின் மனத்தில் தோன்றியதாகவே தெரியவில்லை. பிள்ளையும் கூடவே போயிற்று.

பிள்ளை கூடவே போவது என்ற பேச்சு வந்தபடியால், நம் காலத்திலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். 1991-ம் வருஷம் புதுக்கோட்டை ஜில்லாவில், ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. வயது வந்தவர்களுக்கு எழுத்தறிவிப்பது நோக்கம். எழுத்தோடு சைக்கிள் விடுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் அப்போது நிரம்பப் பேர். கேலி செய்தவர்கள் அதைவிட அதிகம். பெண்களோ கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வயற்காட்டு வேலைக்காரர்கள், கல் குவாரித் தொழிலாளிகள், பாலர் பள்ளி ஆசிரியைகள், கிராமத் தாதிகள் எல்லோரும் வந்தார்கள். பொது விழாக்களில் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் விட்டுக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்நாளில் நேரில் போய்ப் பார்த்து எழுதினார்.

அவர் எழுதியதில் ஒரு சிறு விவரம் நம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பெண்களுக்கான சைக்கிள்கள் கடைகளில் தீர்ந்து போய்விட்டன. அதனால் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஏறிய பிறகு பலர் அதையே விரும்பினார்களாம். காரணம் யாதெனில், அதில் ஆசனத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு குறுக்குக் கம்பி உண்டு. அதன் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! சைக்கிளினால் அவர்களுக்குப் பல லாபங்கள் உண்டாயின. பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கும் நேரம் மிச்சமாயிற்று. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போக முடிந்தது. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வர முடிந்தது. ஆனால் சைக்கிள் விட்ட பெண்கள் முதலில் சொன்னது இந்த லாபத்தை அல்ல. யார் தயவும் இல்லாமல் போய் வர முடிகிறது என்ற ஆனந்தத்தையே சொன்னார்கள்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். அது அவ்வளவு கம்பீரமானதல்ல.

சிறு வயதில் நமக்குச் சைக்கிள் விட மிகுந்த ஆசை. 'பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படித்த நாட்களில், அந்த நீண்ட நிழல் பாதைகளில் தோழிகள் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டு நாம் நடந்தோம். பிறகு உத்தியோகம், கலியாணம், இரண்டு குழந்தைகள். சென்ற வருஷம் மூத்த பெண் பதினோராம் வகுப்புக்குப் போனதும், சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள் அவளுக்கும் கிடைத்தது. முதல் நாள் அது திண்ணையோரம் சாய்ந்து நின்றபோது, மாலை விளக்கேற்றப் போன நாம் அதன் மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்தோம். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணினோம். பெண் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் பயிற்சி நடந்தது. குரு, நம் பெண். நாற்பத்துமூன்று வயதுச் சிஷ்யைக்குப் பின்னால் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடி வருவாள். கால் மிதியைப் பாராதே, எதிரே பார் என்று அதட்டுவாள். வகுப்பில் நாம் என்ன குரலில் அதட்டுகிறோமோ அதே குரல். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நம் மாணாக்கர்கள் மிகுந்த மரியாதையுடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது வாரம் இரண்டு முழங்கால்களிலும் காயம். நான்காவது வாரத்தில், ஆசனத்தைப் பிடித்திருந்த கை எப்போதோ விட்டுவிட்டது என்பதை, மைதானத்தின் மறு கோடியில் இருந்த வேப்ப மரத்தின் அருகில் போய்ச் சேர்ந்த பிறகே அறிந்தோம்.

அதன் பிறகு விடியற்காலையில் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பு வரையில் போய்வருவது வழக்கமாயிற்று. போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை. அந்த நேரத்தில் நாம் ஆசிரியையும் அல்ல, தாயும் அல்ல, மருமகளும் அல்ல. தோப்புப் பக்கம் முந்திரிப் பூவின் வாசனை. எங்கோ ஒரு மயில் கத்தும். வீடு திரும்பும்போது, குழந்தைகளிடம் பேசுகிற நம் குரலில் ஒரு வித்தியாசம் இருந்ததை நாமே உணர்ந்தோம்.

கதை இங்கே முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பத்திரிகைகளில் பெரும்பாலும் இங்கேதான் முடித்துவிடுகிறார்கள். நடந்தது வேறு. "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று மாமியார் ஒரு தடவைதான் சொன்னார், பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நாம் திரும்பி வரச் சற்றுத் தாமதமாயிற்று. ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுவனை யாரும் எழுப்பவில்லை. பரீட்சை நாள். அவன் அழுதுகொண்டே சட்டையை மாட்டினான். "நீ இருந்திருந்தா எழுப்பியிருப்பல்ல?" என்று கேட்டான். வீட்டில் அப்போது நாம் நீங்கலாக மூன்று பெரியவர்கள் விழித்திருந்தார்கள். அவர்களில் எவரையும் அவன் கேட்கவில்லை. அவர்களும் தங்களைக் கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் ஒரு வாரம் சைக்கிளைத் தொடவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நாம் யோசித்தது இதுதான். தாய் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நாழிகைக்கு வீட்டில் யாராவது ஒருவர் விலை கொடுத்தே ஆக வேண்டும். பால் பொங்கும் நேரத்தில் அடுப்பருகில் ஒருவர் நின்றாக வேண்டும். 'மனமிருந்தால் மார்க்கம் உண்டு, தாய்மாரே, உற்சாகத்துடன் எழுந்திருங்கள்' என்று எழுதுவது எளிது. மனம் தாய்மார்களிடம் எப்போதும் இருக்கிறது. முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்களில் அதைப் பார்த்தோம். குறைவாக இருப்பது அடுப்பருகில் நிற்கும் இன்னொரு ஆள். சிறுவனைக் கண்ணீர் விடச் செய்து கிடைக்கும் நாழிகை நமக்கு வேண்டாம். அதற்காக அந்த நாழிகையே வேண்டாம் என்றும் நாம் சொல்லத் தயாராயில்லை. ஆகையால் கணக்கை வீட்டுக்காரரிடம் எடுத்துப் போனோம்.

அவர் நல்ல மனிதர். யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்ததன் விளைவாக அன்று தீய்ந்த பால் காப்பி குடித்தோம். மறுவாரமும் ஒரு முறை குடித்தோம். இப்பொழுது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் பாலும் சிறுவனும் அவர் பொறுப்பு. மாமியார் அந்த நாட்களில் இட்லிப் பானையின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மகனுக்கு உத்தரவு போடுகிறார். அந்தக் காலைகளில் அவர் முகத்தில் ஒருவித உல்லாசம் தெரிகிறது. காரணத்தை நாம் கேட்கவில்லை.

நம் ஊரில் இப்படி நாழிகையைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் வேறும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-ல் தபால் வழிக் கல்வியைத் தொடங்கிய பிறகு, தென்னாற்காட்டுப் பக்கத்தில் எத்தனையோ குடும்ப ஸ்திரீகள் புத்தகக் கட்டுகளைத் தபாலில் வாங்கி, குழந்தைகள் உறங்கிய பின் படித்துப் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரை நாம் அறிவோம். சரித்திரத்தில் பி.ஏ. பரீட்சை எழுதப் போனபோது கைக்குழந்தைக்கு எட்டு மாதம். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் அந்தக் குழந்தையை மூன்று மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டு உலாவியவர் அவருடைய நாத்தனார். "அசோகனைப் பத்தி எழுதும்போது அழுகுரல் கேட்டுது டீச்சர். என் பிள்ளைன்னு தெரிஞ்சுது. எழுந்திருக்கலை. அவ பார்த்துப்பான்னு தெரியும்" என்று அந்த அம்மாள் நம்மிடம் கூறினார். அவர் வேலைக்கு எங்கும் போகவில்லை. அந்தப் பட்டத்தினால் காலணா வருமானமும் இல்லை. 'பிறகு எதற்குப் படித்தாய்?' என்று அவரைப் பலர் கேட்டிருக்கிறார்கள். சீட்டாடுகிற ஆண்மகனை எவரும் அப்படிக் கேட்டதாக நாம் அறியோம்.

கோல நோட்டுக்காரப் பெண்ணின் தாயார் சென்ற வாரம் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடப் பள்ளிக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றார். மகள் எழுதிய வியாசத்தைக் காட்டினோம். மெதுவாகக் கூட்டிக் கூட்டிப் படித்தார். கோபித்துக்கொள்வாரோ என்று சற்று பயந்தோம்.

"நாப்பது இல்ல டீச்சர், நாப்பத்திரெண்டு" என்றார்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு வாசலில் பெரிய கோலம் ஒன்று வேண்டும் என்று கேட்டோம். யோசித்தார். சின்னவனுக்கு இரண்டு வயது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். விழாவுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு அவர் வந்தபோது, பின்னால் அவருடைய கணவர் சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இருபத்தொரு புள்ளியில் ஆரம்பித்து ஒன்றில் முடியும் இழைக் கோலம். மகள் மாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயார் ஒரு முறைகூட நோட்டைப் பார்க்கவில்லை; நோட்டைக் கொண்டு வரவும் இல்லை. இருட்டியபின் ஒருவர் கைபேசி விளக்கைப் பிடிக்க, கடைசி இழையை இழுத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அந்த நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். பால் கணக்கு இப்போது சுவரில் மாட்டிய நாட்காட்டியில் எழுதப்பட்டு வருகிறது. எழுதுகிறவர் அப்பா என்று மகள் சொன்னாள்.